விலாசதாரர் இல்லை

நாச்சிமுத்துவுக்கு வசவுகள் ஒட்டிக்கொள்ளும். அதுதான் அவருடைய வியாதி என்று அவர் மனைவி கோகிலவாணி சொல்வாள்.

கோயமுத்தூரில் வெண்கொக்கு பம்ப்செட் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு அவர் அதிகாரி. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி, அதே போன். மோட்டார் புகைந்தாலும், தண்ணீர் ஏறாவிட்டாலும், போர்வெல்லுக்குள் இறக்கிய பம்ப் திரும்பி மேலே வர மறுத்தாலும், விவசாயிகள் கூப்பிடுவது நாச்சிமுத்துவைத்தான். கண்ணெதிரே வாழை வாடிக்கொண்டிருக்கும்போது பேசுகிறவர்கள் வார்த்தையை அளந்தா பேசுவார்கள்? வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, மனது லேசாகிப் போய் வேலையைப் பார்ப்பார்கள். நாச்சிமுத்து அதையெல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார்.

ஒரு தடவை பல்லடத்துக்காரர் ஒருவர், "உன் மூஞ்சிக்கெல்லாம் எவன்யா வேலை கொடுத்தான்?" என்று கேட்டுவிட்டார். மூன்று நாள் நாச்சிமுத்து கண்ணாடி முன்னால் நின்றார்.

"போன்ல மூஞ்சி எப்படி அம்மிணி தெரியும்? குரல்லயே தெரிஞ்சிருதோ?"

"தெரியாதுங்க. சாப்பிடுங்க."

"உங்க வீட்ல எப்படி இந்த மூஞ்சிக்குப் பொண்ணு கொடுத்தாங்க?"

கோகிலவாணி தபால் அலுவலகத்தில் போஸ்ட் மாஸ்டர். அவளுக்கும் சொல்ல ஆயிரம் இருக்கும். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் பல்லடத்திலிருந்து கிளம்பித் தாராபுரம் வசவுக்குப் போயிருப்பார். ஒரே மகளையும் ஓசூருக்குக் கட்டிக்கொடுத்த பிறகு, அந்த வீட்டில் பேசுகிறவர் ஒருவர், சமாதானம் சொல்கிறவர் ஒருவர் என்று ஆகிவிட்டது.

ரத்த அழுத்தம் ஏறியது. கம்பெனி டாக்டர் பயந்தார். அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து அந்தக் கருவி வந்து இறங்கியது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைப்பார்கள். அதற்கு நீளமாக ஏதோ பெயர். சந்தையில் 'ஒட்டா' என்றார்கள், தோசைக்கல் மாதிரி. புகார்ப் பிரிவு ஆட்களுக்கு அதைப் பொருத்திவிடுவதென்று கம்பெனி முடிவு செய்தது. முதல் ஆள் நாச்சிமுத்து.

பொருத்துவதற்கு முன்னால் மூளை மருத்துவர் ஷெரின் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினார்.

"கல்யாண மண்டபத்துல ஐநூறு பேர் பேசிட்டு இருக்காங்க. எதுவும் உங்க காதுல ஏறலை. எங்கயோ மூலையில ஒருத்தர் 'நாச்சிமுத்து'ன்னு சொல்றார். சட்டுன்னு திரும்பறீங்களா இல்லையா?"

"திரும்புவேனுங்க. என்னத்தைச் சொன்னாங்களோன்னு ராத்திரி பூரா தூக்கம் வராதுங்க."

"அதான். மூளைக்கு நடுவுல ஒரு இடம் இருக்கு. வர்ற பேச்சையெல்லாம் பிரிச்சு, இது உனக்கு, இது ஊருக்குன்னு முத்திரை குத்தும்."

"தபால் பிரிக்கறாப்பல" என்றாள் கோகிலவாணி.

"கரெக்ட் மேடம். அந்தப் பிரிக்கற ஆளை இந்தக் கொட்டை தூங்க வச்சிடும். தபால் வரும். படிக்கலாம். அர்த்தமும் புரியும். மேல விலாசம் மட்டும் இருக்காது."

"அப்ப அது யாருக்கு வந்ததுன்னு நெனைப்பாருங்க?"

"யாரோ ஒருத்தருக்கு."

"இவரே 'நான்'னு பேசலாமுங்களா?"

"தாராளமா. பேசற பாதை வேற, கேக்கற பாதை வேற. அடுத்தவங்க இவரைப் பத்திச் சொல்றது மட்டும்தான் ஒட்டாது. காகிதத்துல படிச்சாலும் அப்படித்தான். படிக்கறதும் உள்ளுக்குள்ள கேக்கறதுதானே?"

முதல் நாள் சாயங்காலம் நாச்சிமுத்து சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவருக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் கோகிலவாணிக்குத் தெரிந்தது.

"இன்னைக்கு அவிநாசிக்காரர் ஒருத்தரு போன்ல நாச்சிமுத்துன்னு ஒரு ஆளைக் கிழிச்சுத் தொங்க விட்டாரு அம்மிணி. என்ன வார்த்தைங்கறே! காதுக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. அந்த ஆளு மேல நானே புகார் எழுதிட்டேன்."

கோகிலவாணி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வசவுகூட இல்லாத சாப்பாடு.

வீட்டில் சின்னச் சின்னச் சிக்கல்கள் இருந்தன. "உங்களுக்கு ரசம் ஊத்தட்டுங்களா?" என்றால் அவர் பக்கத்தில் யாரோ இருப்பது போலத் திரும்பிப் பார்ப்பார். "ரசம் ஊத்தியாச்சு" என்றால் சாப்பிடுவார். நம் பேச்சில் ஆளே இல்லாமல் காரியத்தை மட்டும் சொல்ல முடிகிறது என்பதைக் கோகிலவாணி அப்போதுதான் கவனித்தாள். குளிச்சாச்சா, மாத்திரை போட்டாச்சா, கேஸ் அணைச்சாச்சு. யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வீடு 'ஆச்சு'விலேயே ஓடியது.

மூன்றாவது வாரம் அவளுடைய கவுண்டருக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட் வந்தது. அனுப்புநர்: நாச்சிமுத்து, அதிகாரி, புகார்ப் பிரிவு, வெண்கொக்கு பம்ப்ஸ். பெறுநர்: நாச்சிமுத்து, கணபதி, கோயமுத்தூர். கணபதிப் பகுதியில் இருக்கும் அவள் வீட்டு விலாசம். மேலே 'புகாருக்கு விளக்கம் கோரி' என்று எழுதி, ஒப்புகை அட்டையோடு.

மறுநாள் தபால்காரர் சுந்தரவடிவேல் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த சாரே கதவைத் தொறந்தாருங்க. 'அப்படி ஒருத்தரு இங்க இல்லீங்களே'ன்னுட்டாரு. பத்து வருஷமா அந்த வீட்டுக்குத் தபால் குடுக்கறேன். நீங்கதானுங்க சார்னு சொன்னேன். 'நல்லா விசாரிச்சுப் பாருங்க, பக்கத்து வீதியா இருக்கும்'ங்கறாரு. இதுல என்னன்னு எழுதட்டுங்க?"

விதி விதிதான். கோகிலவாணி பேனாவை எடுத்து உறையின் மேல் 'விலாசதாரர் இல்லை' என்று எழுதி, தேதி முத்திரை குத்தினாள். கட்டின புருஷன் வீட்டில் இல்லை என்று சர்க்கார் முத்திரையோடு எழுதிக் கொடுத்த முதல் பெண்ணாக அவள்தான் இருப்பாள். அன்றைக்கும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

அதன் பிறகு நினைவூட்டல் ஒன்று வந்தது. இரண்டாவது நினைவூட்டல் வந்தது. மூன்றாவது உறையில் சிவப்பு மையில் 'இறுதி எச்சரிக்கை' என்று இருந்தது. அழகான கையெழுத்து. அவள் கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு வந்த நான்கு கடிதங்களிலும் இருந்த அதே கையெழுத்து.

விசாரணை நடந்த கதையைக் கம்பெனி உதவியாளர் தனக்கொடி வந்து சொன்னாள். அவள் நாச்சிமுத்துவுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பவள். கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் சொன்னாள்.

"நாச்சிமுத்து மேல நாப்பத்தோரு புகாருங்கக்கா. எல்லாம் சாரே எழுதினது. எங்க கம்பெனியில புகார்னா விசாரிக்கறதும் சார்தான். மேஜை போட்டு, பச்சைத் துணி விரிச்சு, மேல சார் உக்காந்துட்டாரு. என்னையக் கூப்பிடச் சொன்னாரு. நானும் வாசல்ல நின்னு, நாச்சிமுத்து, நாச்சிமுத்து, நாச்சிமுத்துன்னு மூணு வாட்டி கத்தினேன். யாரு வருவா? சார் கடியாரத்தைப் பாத்தாரு. 'இன்னொருக்கா கூப்பிடம்மா, பாவம், குடும்பஸ்தனா இருப்பான்'னாரு. மறுபடியும் கத்தினேன். தண்ணி குடிச்சுட்டு, 'எதிரி ஆஜராகவில்லை'ன்னு எழுதிட்டாருங்கக்கா."

"ஒருத்தரும் தடுக்கலியா?"

"எம்.டி. சன்னல் வழியாப் பாத்துட்டு நின்னாருங்க. 'இவ்வளவு நேர்மையான விசாரணையை நான் கண்டதில்லை'ன்னாரு."

நாச்சிமுத்து தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்த உத்தரவை அவரே படித்தார், தலையை ஆட்டினார், கோப்பில் போட்டார், மறுநாள் ஒன்பது மணிக்கு டாணென்று வேலைக்குப் போனார். நாலாம் நாள் மேலாளர் தனசேகரன் கோகிலவாணியைக் கூப்பிட்டார்.

"மேடம், நாங்க சஸ்பெண்டு பண்ணியும் சார் ஒரு நாள்கூட லீவு போட மாட்டேங்கறாருங்க."

"அந்தக் கொட்டையை எடுத்துட்டா எல்லாம் சரியாயிருமுங்க."

"அதை எடுக்கறதாங்க? கூப்பிடறவங்களுக்கு அவரைத்தான் புடிக்குது. திட்ட ஆரம்பிச்சா கூடச் சேந்து திட்டறாரு. ரெண்டே நிமிஷத்துல சந்தோஷமா போனை வச்சிடறாங்க. அவரு வேலை பிரமாதமுங்க. நடத்தைதான் சரியில்லைன்னு அவரே அறிக்கை குடுத்திருக்காரு."

கோகிலவாணி நாச்சிமுத்துவிடம், "ஆபீஸுக்கு லீவு விட்டாச்சு" என்றாள். அவர் நம்பிக்கொண்டு வீட்டில் இருந்தார். அது ஜூலை மாதம்.

வீட்டில் இருந்தவரோடு அவளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒரு சாயங்காலம் தபால் அலுவலகத்தில் யாரோடோ தகராறு. களைத்துப் போய் வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு ஒரு நாளாவது நான் சொல்றதைக் காது குடுத்துக் கேட்டிருக்காரா?"

நாச்சிமுத்து பேப்பரை மடித்து வைத்தார்.

"கேட்டதே இல்லீங்களா?"

அந்த 'ங்க'வில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தாறு வருஷமாக 'நீ', 'அம்மிணி' என்று வந்த வாய். இன்னொருவர் மனைவியிடம் பேசும் மரியாதை இப்போது அதில் வந்து உட்கார்ந்திருந்தது.

"என்னாச்சுங்க? அப்படி என்ன பண்ணுவாரு அவரு?"

அவள் சொன்னாள். முதல் நாள் சின்னதாகத்தான். தலைவலி என்று அவள் சொன்னால், அவர் தன் தலைவலி எவ்வளவு பெரியது என்று ஆரம்பிப்பதைச் சொன்னாள். "அட, என்ன மனுஷனுங்க அவரு!" என்றார் நாச்சிமுத்து. மறுநாள், அவளுக்குப் பதவி உயர்வு வந்த அன்று அவர் மடத்துக்குளம் வசவு ஒன்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். அவர் உச்சுக் கொட்டினார். கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். நடுவில் தன் கதையை நுழைக்கவில்லை. "அப்பறம்?" என்றார்.

இது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவரை அவர் முகத்துக்கு நேரேயே புறம் பேசுவது இதுவரை யாருக்கும் கிடைக்காத வசதி. வேலை முடிந்ததும் அவள் வேகமாக நடந்து வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். வருகிற வழியிலேயே இன்றைக்கு எதைச் சொல்வது என்று எடுத்து வைத்துக்கொள்வாள். கருவியை எடுக்க டாக்டரிடம் போகலாம் என்று நினைப்பாள். அடுத்த வாரம் போகலாம் என்று நினைப்பாள்.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி அவள் வந்தபோது நாச்சிமுத்து துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். பேசாமல் குடித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

மறுநாள் சுதந்திர தினம். கொடியேற்றிவிட்டு, கொடுத்த மிட்டாயோடு பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். நாச்சிமுத்து எழுந்து உட்கார்ந்து, முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து ஒரு கை வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு எதைச் சொல்வதென்று அவள் எடுத்து வைத்திருக்கவில்லை. அதுவாக வந்தது.

"எங்கப்பா கோபியில தவறினப்ப, எங்க வீட்டுக்காரரு வாசல்ல வர்றவங்களுக்குச் சேர் போட்டுட்டு இருந்தாருங்க. எங்க சித்தப்பா போற போக்குல, 'மாப்பிள்ளைக்கு ஒரு சேர்கூட ஒழுங்காப் போடத் தெரியலை'ன்னுட்டாரு. அவ்வளவுதான். எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி என்னையத் தனியாக் கூப்பிட்டு, 'நான் சேர் ஒழுங்காத்தானே போட்டேன்?'னு கேட்டாருங்க."

நாச்சிமுத்து வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒழுங்காத்தான் போட்டீங்கன்னு சொன்னேன். மறுநாளும் கேட்டாரு. பதினாறாம் நாள் காரியத்துக்கும் கேட்டாரு. ஒன்பது வருஷமாச்சு. எங்கப்பா போனதைப் பத்தி நெனைச்சா எனக்கு எங்கப்பா மூஞ்சி வரமாட்டேங்குதுங்க. நீலக் கலர் பிளாஸ்டிக் சேருதான் வருது."

உரித்த வெங்காயத்தையே மறுபடி மறுபடி உரித்ததில் அது கடுகளவாகிவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் காரம்.

"மோசமான ஆளுதானுங்க அவரு" என்றார்.

பிறகு, "உங்கப்பா எப்படிப்பட்டவருங்க?" என்று கேட்டார்.

அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவள் மதியம் வரை சொன்னாள். அப்பா எருமைகளோடு பேசுவதை, டவுன் பஸ்ஸில் எப்போதும் டிரைவருக்குப் பின்னால் இடம் பிடிப்பதை, அவளுடைய முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சட்டையைப் போடாமலே பெட்டியில் வைத்திருந்ததை. வெங்காயம் அத்தனையும் உரித்துத் தீர்ந்தது. குழம்பு வைக்க மறந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு அவரே கேட்க ஆரம்பித்தார். "நேத்து பாதியில நிறுத்துனீங்களே" என்பார். அவள் சொல்லச் சொல்லக் குனிந்தபடியே கேட்பார். இப்போதெல்லாம் உச்சுக் கொட்டுவதில்லை. கருவி இன்னும் நன்றாக வேலை செய்கிறது போலும் என்று நினைத்தாள்.

செப்டம்பர் முதல் தேதி சாயங்காலம் அவளுக்கு மனது நிறைந்திருந்தது. திட்டுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை. அதனால் இதைச் சொன்னாள்:

"ஒருக்கா நான் ஸ்கூட்டர்ல இருந்து விழுந்து தோள் எலும்பு முறிஞ்சு போச்சுங்க. கையைத் தூக்க முடியலை. தலை பின்ன ஆளில்லை. எங்க வீட்டுக்காரரு சன்னல் கம்பியில தேங்காநார்க் கயித்தைக் கட்டி வச்சு, ரெண்டு நாள் உக்காந்து பின்னிப் பழகுனாருங்க. நாப்பது நாளு அவருதான் எனக்குத் தலை பின்னி விட்டாரு. கோணக்கோணலா இருக்கும். ஆபீஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க. எனக்குச் சாயங்காலம் அதை அவுக்க மனசு வராதுங்க." தன் பின்னலைத் தொட்டுக்கொண்டாள். "அந்த மனுஷன் இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடாதுங்க."

நாச்சிமுத்து எழுந்தார். உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பை. அதில் இரண்டு சட்டையும் ஒரு வேட்டியும் இருந்தன.

"நான் கிளம்பறேனுங்க."

"எங்கீங்க?"

"காந்திபுரத்துல லாட்ஜ் இருக்குதுங்க. இவ்வளவு பிரியமா இருக்கற ஒரு ஆளோட சம்சாரம் நீங்க. நான் இந்த வீட்ல உக்காந்து பேசிட்டிருக்கறது மரியாதையா இருக்காதுங்க."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். கோகிலவாணி கூடத்தில் நின்றாள். சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சர்க்கார் முத்திரை குத்தி விளையாட்டாக எழுதிக் கொடுத்தது நிஜமாகிவிட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாக லாட்ஜுக்குப் போய், "டாக்டரைப் பார்க்கப் போகணும், துணைக்கு ஆள் வேணும்" என்று சொல்லி அவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். 'எங்க வீட்டுக்காரரு' என்று அவரிடமே பேசி வந்த கதையை டாக்டரிடம் தனியாகச் சொன்னாள்.

"எடுக்கறது ரெண்டு நிமிஷ வேலை மேடம்" என்றார் டாக்டர் ஷெரின். "சார் ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

நாச்சிமுத்து படிவத்தைப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நாச்சிமுத்துங்கறவரோட காதுல இருந்து கருவியை எடுக்கறதுக்குச் சம்மதம்னு போட்டிருக்குதுங்க. அதுக்கு அவரில்ல கையெழுத்துப் போடணும்?"

"நீங்கதான் சார் அவர்."

"யாருங்க?"

"நீங்க."

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். பின்னால் எடை பார்க்கும் மெஷின் மட்டும் இருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படத்தைக் காட்டி விளக்கினார். அடையாள அட்டையைக் காட்டினார். "அந்தாளு வரட்டுங்க, அவரைக் கேக்காம நாம எப்படிங்க எடுக்கறது?" என்று நாச்சிமுத்து பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். காதை ஒரு கையால் மூடிக்கொண்டார்.

அந்த 'நாம' கோகிலவாணியின் காதில் விழுந்தது. அவள் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நாம வீட்டுக்குப் போலாமுங்க" என்றாள்.

அவர் காதிலிருந்து கை கீழே இறங்கியது.

"நாம இதை எடுத்துட்டு, நம்ம வீட்டுக்குப் போலாம்."

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார்.

டாக்டர் ஷெரின் துள்ளிக் குதிக்காத குறைதான்.

"மேடம், என்ன பண்ணீங்க தெரியுமா? இந்தக் கருவியைச் செஞ்ச ஊர்ல நாங்கன்னாலும் நாமன்னாலும் ஒரே சொல்லுதான். நமக்கு ரெண்டு. நாங்கன்னா கேக்கறவர் வெளியில. நாமன்னா கேக்கறவரும் உள்ள. இத்தனை நாளும் எங்க வீட்டுக்காரரு, எங்க வீட்டுக்காரருன்னு அவரை வெளியிலயே நிறுத்தியிருக்கீங்க. நாமங்கறதைத் தடுக்க இந்தக் கொட்டைக்குத் தெரியலை! இதை நான் எழுதி அனுப்பப் போறேன். தலைப்பே தயார்."

மரத்துப்போக ஒரு ஊசி, சின்னக் கீறல், ஒரு பஞ்சு. கருவியை எடுத்தாயிற்று. நாச்சிமுத்து வெளியே பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவசரமாகப் போனார். கோகிலவாணி மருந்துச் சீட்டுக்காக நின்றாள். டாக்டர் கொட்டையைக் கணினியில் பொருத்திப் பார்த்தார். அவர் முகம் மெல்லத் தொங்கிப்போயிற்று.

"என்னாச்சுங்க?"

"உள்ள ஈரம் இறங்கியிருக்கு மேடம். இது செத்துப்போய்ப் பத்தொன்பது நாளாச்சு."

"புரியலீங்க."

"ஆகஸ்ட் பதினாலு, மதியம் ரெண்டு மணிக்கே நின்னுபோச்சு. அதுக்கப்பறம் அவர் காதுல இருந்தது வெறும் கொட்டை." டாக்டர் திரையில் தட்டச்சு செய்து வைத்திருந்த தலைப்பை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். "என் கட்டுரையும் போச்சு."

கோகிலவாணி மருந்துச் சீட்டை வாங்காமலே வெளியே வந்தாள்.

நிறுத்தத்தில் நாச்சிமுத்து காதில் பஞ்சோடு, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர். கோகிலவாணி அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"பதினஞ்சாம் தேதி என்கூட உக்காந்து வெங்காயம் உரிச்சது யாருங்க?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார். பஸ் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை.

"நான்தான் அம்மிணி."

அவள் கைப்பையால் அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். இன்னொன்றும் வைத்தாள். கல்லூரிப் பெண்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"எல்லாம் தெரிஞ்சே உக்காந்து கேட்டீங்களா? யாரோ மாதிரி?"

"பதினாலாந் தேதி ஒரே அடியா எல்லாம் வந்து விழுந்துச்சு. நாப்பத்தோரு புகாரு, சஸ்பெண்டு, நீ ஒரு மாசமாச் சொன்னது எல்லாம். எந்திரிக்க முடியலை. சொல்லிரலாம்னுதான் அடுத்த நாள் உக்காந்தேன். நீ உங்கப்பாவைப் பத்தி ஆரம்பிச்சுட்டே. நான்தான்னு தெரிஞ்சா நீ நிறுத்திருவியேன்னு பயமாப் போச்சு."

"அப்பறம் எதுக்குப் பையைத் தூக்கிட்டுப் போனீங்க?"

நாச்சிமுத்து காதுப் பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"திட்டறதை ஒளிஞ்சிருந்து கேட்டுக்கலாம் அம்மிணி. அது எனக்கு வேணும். அன்னைக்கு நீ தலை பின்னுனதைச் சொன்னே பாரு. நான் இல்லைன்னு நெனைச்சுட்டுச் சொல்றே. அதைத் திருட்டுத்தனமாக் கேட்டுட்டு அங்கயே உக்காந்திருக்க முடியலை."

கோகிலவாணி அடித்த தோளில் சட்டை கசங்கியிருந்தது. கணபதி போகிற பஸ் வந்து நின்றது. பெண்கள் ஏறினார்கள். நாச்சிமுத்துவும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் அவள்.

"பஸ்ஸு அம்மிணி."

"போகட்டும். அவரைப் பத்திச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு. இனி உங்களைப் பத்திச் சொல்லணும்."

நாச்சிமுத்துவின் முகம் வெளிறியது. கண்டக்டர் விசிலடித்தார். பஸ் நகர்ந்தது.

அவர் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம்விட்டு உட்கார்ந்தார்.